டிராம் கண்ணாடியில் கிபுஸ்கோவா

விம்பிள்டன் டிராமில் என் எதிரே அமரும் அந்த நீண்ட மூக்குச் சமையற்காரர், ஆவி படிந்த கண்ணாடியில் தினமும் விரலால் தன் ஊரின் வரைபடத்தைக் கீறுவார். மேலே கடல், கீழே மலைகள், நடுவே குட்டி ஆறுகள். ஸ்பெயினின் வடக்கே தனி மொழி பேசும் பாஸ்க் மக்களின் கிபுஸ்கோவா மாகாணம் முழுவதும் உள்ளங்கையளவுதான்.

“ஸ்பெயினோ?” என்று கேட்டுவிட்டேன். என்னை யாராவது இந்தியனா என்றால் எரிந்து விழுகிறவன் நான்!

“பாஸ்போர்ட்டிலை மட்டும்,” என்று ஆங்கிலத்தில் சிரித்தார். “உங்கடை ஊரைக் கீறுங்கோ.”

இலங்கையைக் கீறினேன்.

“இவ்வளவுமோ?”

“இல்லை, யாழ்ப்பாணம். மேலை இருக்கிற இந்த நுனி மட்டுந்தான்.”

“அப்ப மிச்சத்தை ஏன் கீறினீங்கள்?”

மறுநாள் அவர் வருமுன் நுனியை மட்டும் கீறிப் பார்த்தேன். அது எந்த ஊர் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.