சக்கிமுக்கி மணக்கும் ஷாஸ்லா

2006 அக்டோபர் எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி இருபது நிமிடம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நான் தங்கியிருந்த வீட்டின் உணவு மேசையில், பட்டப்பகலில், ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் இருந்தது, சன்னலுக்கு வெளியே ஏரியின்மேல் வெயிலும் இருந்தது. வீட்டுக்காரரான மதாம் ஒதெத், இறந்துபோன தம் கணவருக்காக ஞாயிறுதோறும் மதிய உணவின்போது அதை ஏற்றுவார். கணவர் உட்கார்ந்த நாற்காலிக்கு நேர்முன்னே அது நிற்கும். இலக்கியம் படிக்க நான் வந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. ஞாயிறு உணவுக்கு அவர் என்னை அழைத்தது அன்றுதான் முதல் முறை.

ஏரியில் பிடித்த பெர்ஷ் என்னும் மீனை முள் நீக்கி, வெண்ணெயில் பொரித்து, எலுமிச்சை பிழிந்து வைத்திருந்தார். அருகே ஷாஸ்லா என்ற வெள்ளைத் திராட்சை மது. வேறு பல மதுக்களின் பெயர்களை நாவல்களில் படித்திருக்கிறேன். இந்தப் பெயரை எந்தப் பக்கத்திலும் கண்டதில்லை. "விளைவதை நாங்களே குடித்துத் தீர்த்துவிடுகிறோம். பிறகு உலகத்துக்கு எப்படித் தெரியும்?" என்று மதாம் சிரித்தார். குடிக்கும் முன் முகரவேண்டும் என்றார். "சக்கிமுக்கிக் கல்லை உரசியதுபோல் இருக்கும். இந்தச் சரிவுகளில் விளையும் மதுவுக்கு அந்த வாசம் உண்டு."

கோப்பையை மூக்கருகே கொண்டுபோனேன். முதலில் பழுக்காத திராட்சை. அடுத்த மூச்சில் மெல்லிய கந்தகப் புகை. என் வலக்கை தானாக எழுந்தது. விரல்கள் திரியை நசுக்கின. மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது.

எங்கள் ஊர் விஸ்வநத்தத்தில் என் அம்மா ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டி வாணத்துக்கு வெடிமருந்து அடைக்கிறாள். அந்த அறையின் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் தங்கிய மின்சாரம் பொறியாகிவிடாமல் இருக்க, உள்ளே போகும் ஒவ்வொருவரும் அதைத் தொட்டுவிட்டே போகவேண்டும். மாலையில் அம்மா திரும்பும்போது சேலை மடிப்புகளில் அலுமினியப் பொடி மின்னும். அவள் குளித்து வேறு சேலை உடுத்தும்வரை வீட்டில் நெருப்பு இருக்கக் கூடாது. வாசலில் அந்தக் கந்தக வாசம் வந்ததுமே அடுப்பையும் விளக்கையும் அணைப்பது என் வேலை. ஒன்பது வயதில் ஒரு நாள், புத்தகத்தில் மூழ்கி மறந்துபோனேன். அம்மாவின் இடது முன்கையில் தோல் இன்றும் சுருங்கியே இருக்கிறது. அவள் ஒருமுறைகூட என்னைக் குறை சொன்னதில்லை. அதன் பிறகு நான் மறந்ததும் இல்லை.

மதாமின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரலில் கோபமில்லை. மன்னிப்புக் கேட்கும் தொனி. "உங்கள் மதத்தில் மது வைத்த மேசையில் விளக்கு எரியக் கூடாதா?"

வந்த முதல் வாரத்தில், அம்மா என்ன செய்கிறார் என்று அவர் கேட்டபோது, வீட்டில் இருக்கிறார் என்று சொல்லியிருந்தேன். அதைத் திருத்தும் துணிவு எனக்கு இல்லை. "ஆம்" என்றேன்.

அவர் மெழுகுவர்த்தியை எடுத்துப்போய் நடையிலிருந்த அலமாரிக்குள் வைத்தார். "இனி நீ சாப்பிடும்போது ஏற்ற மாட்டேன்" என்றார். நாற்காலிக்கு முன், மேசை விரிப்பில் வட்டமாக மெழுகுக் கறை மட்டும் மிஞ்சியது.

மீனைத் தின்று ஒரு மிடறு குடித்தேன். வெண்ணெயின் பிசுக்கை மது கழுவியது. மீனின் மெல்லிய இனிப்பு அதற்குப் பிறகே நாவில் தெரிந்தது. "பொருத்தம்தானே?" என்றார் மதாம். பொருத்தம்தான். சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகாத கந்தக வாசத்தோடு அம்மா உருட்டித் தந்த அயிரைமீன் குழம்புச் சோற்றில் வளர்ந்தவள் நான். மீனோடு இந்த வாசம் சேரும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன்.

மாலையில் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். தீபாவளி சீசன், ஞாயிறும் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் குளித்திருந்தாள்.

"சாப்பிட்டியாத்தா?"

"மீனு சாப்பிட்டேம்மா. கூடக் கொஞ்சம் திராச்ச மது."

"ஏட்டி, படிக்கப் போனியா, குடிக்கப் போனியா?"

"நம்ம மருந்து வாசம் அடிச்சுச்சும்மா அதுல."

"அம்புட்டுத் தொலவு போயி அதத்தான் மோந்தியாக்கும்? இங்கன இருந்தா என் சீலையவே மோந்துருக்கலாம்ல!"

சிரித்தாள். பிறகு நான் விளக்கை அணைத்ததையும் சொன்ன பொய்யையும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"ஏட்டி செல்வி, புருசனுக்கு வச்ச வெளக்க அணைச்சுப்புட்டு, பளியத் தூக்கிச் சாமி மேல போட்டியா? எங்காத்தா மருந்து அடைக்கிறான்னு சொல்ல ஒனக்கு அம்புட்டு வெக்கமா?"

"இல்லம்மா..." என்று இழுத்தேன்.

"நாளைக்கு லோடு ஏறுது. வெள்ளன போவணும்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, நடையிலிருந்த அலமாரியைத் திறந்து மெழுகுவர்த்தியை எடுத்துவந்து, விரிப்பிலிருந்த கறையின்மேல் சரியாக வைத்தேன். மதாம் காப்பிக் குவளையோடு நின்று பார்த்தார். எங்கள் மதத்தில் அப்படி எதுவும் இல்லை என்றேன். அம்மாவின் வேலையையும், அந்த வாசத்தையும், அவள் முன்கையையும் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னேன். அவர் குவளையை மேசையில் வைத்தார்.

"இன்று திங்கட்கிழமை" என்றார். பிறகு இழுப்பறையைத் திறந்து தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார்.

சுவரில் அவர் பழப்பாகு காய்ச்சும் செம்புச் சட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் உள்ளங்கையை ஒருகணம் வைத்தேன். விஸ்வநத்தத்தில் அப்போது மணி பத்தரை. அம்மா செம்பைத் தொட்டுவிட்டு, ஒரு பொறியும் பிறந்துவிடக் கூடாத அறைக்குள் உட்கார்ந்திருப்பாள். நான் கையை எடுத்து, தீக்குச்சியை உரசினேன்.