செக்கிங் அக்கா திருத்திய நாடகம்

பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசருக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆர்டர் தரும் வெளிநாட்டுக்காரனுக்குத் தினமும் மெயில் போடுவதால், தனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நம்பிவிடலாம். நானும் நம்பினேன். அந்தத் தைரியத்தில்தான் நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் அமெரிக்கப் பெண் கவிஞரின் நாடகத்தைத் தமிழாக்க உட்கார்ந்தேன். யாப்பையும் பழைய மேடை வழக்கத்தையும் உதறிவிட்டுப் புதுமாதிரி எழுதத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். அவர் ஊரிலேயே இன்று அவரை அதிகம் பேர் படிப்பதில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று. மூலத்தோடு ஒப்பிட்டு யார் கேட்கப் போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பல்லடத்தில் இலக்கியக் கூட்டம். அங்கே வாசித்து, மொழிபெயர்ப்பாளர் என்று பெயர் வாங்கிவிட வேண்டும் என்பது என் பேராசை. அதற்கு முன்பே கொஞ்சம் பாராட்டை ருசி பார்க்க நினைத்து, செக்கிங் பிரிவு அக்காவிடம் தாள்களைக் கொடுத்தேன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். சாப்பாட்டு நேரத்தில் அவர் கையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும்.

மறுநாள் தாள்கள் திரும்பி வந்தன. பனியனில் ஓட்டையோ தையல் பிசகோ இருந்தால் ஒட்டுவார்களே, சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அது பக்கத்துக்குப் பக்கம் ஒட்டியிருந்தது.

"படிக்கையில எங்கெங்க இடிச்சுச்சோ அங்கெல்லாம் ஒட்டிருக்கேன் சார். தப்பா எடுத்துக்காதீய."

சுருக்கென்று கோபம் வந்தது. ஆங்கிலம் தெரியாதவர் என்னைத் திருத்துவதா? மூலத்தை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அம்பாகப் பார்த்தேன். அத்தனையும் எனக்கு அர்த்தம் புரியாத இடங்கள். அங்கெல்லாம் 'பிரபஞ்ச மௌனம்', 'இருத்தலின் நிழல்' என்று கனமாக எதையாவது போட்டு மூடியிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன்.

திருத்தினேனா? இல்லை. ஸ்டிக்கர்களை மட்டும் நகத்தால் உரித்துவிட்டு, கூட்டத்தில் அப்படியே வாசித்தேன். 'பிரபஞ்ச மௌனம்' வந்ததும் கைதட்டல். ஒருவர் எழுந்து, "ரொம்ப ஆழமுங்க" என்றார். வெட்கமே இல்லாமல் கும்பிட்டேன்.

திங்களன்று அக்கா ஆவலாகக் கேட்டார். "எல்லாம் சரிபண்ணிட்டியளா சார்?"

"பண்ணியாச்சுங்கக்கா."

"அப்ப கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்தேன். முதல் அம்பு இருந்த இடம் வந்ததும் என் குரல் தானாக இறங்கியது. அடுத்த இடத்திலும் அப்படியே. அவமானமாக இருந்தது. அக்கா ஏப்ரன் பையிலிருந்து ஸ்டிக்கர் அட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

"எடமெல்லாம் ஒங்களுக்கே தெரியுதுல்லா. நீங்களே ஒட்டிருங்க சார்."