உப்பு என்று நினைத்த மருந்து

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை பார்த்தவன் நான். எழுபதுகளின் நடுவில், மனைவி வழியில் வந்த ஒரு துண்டு நெல்வயலைப் பயிரிட இறங்கினேன். கோரை மண்டியதால் முதல்முறையாகக் களைக்கொல்லி அடித்தேன். அடித்த அன்றே பயம் பிடித்துக்கொண்டது. உப்பளப் பாத்தியில் தண்ணீர் வற்றினால் உப்பு நிற்கும். மருந்தும் அப்படி மண்ணில் நின்றுவிட்டால்?

மறுநாள் என் முறைக்கான கால்வாய்த் தண்ணீர் வந்தது. வயல் நிறையப் பாய்ச்சி, கீழ் வரப்பில் நீர் வடியும் வாமடையைத் திறந்துவிட்டேன். உப்புப் பாத்தியைக் கழுவுவதுபோலக் கழுவினேன்.

கீழே பக்கத்து அண்ணாச்சியின் வெற்றிலைக் கொடிக்கால். நான்கைந்து நாளில், கொடி நடுவதற்கு முன், அது படர்வதற்காகப் போட்டிருந்த இளம் அகத்தி இரண்டு வரிசை முறுக்கிக்கொண்டு தலை சாய்ந்தது.

“ஏலே உப்பளத்தான்! ஒன் வயலைக் கழுவி என் கொடிக்கால்ல ஊத்திட்டியேல!”

“மருந்து நின்னுரக் கூடாதேன்னு தான் அண்ணாச்சி...”

“இப்ப என் மண்ணுல நிக்கில்லா!”

செத்த வரிசையில் மறுபடி அகத்தி போடலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு தடவை தண்ணீர் விட்டு அலசலாமா என்று பயிர் யோசனை சொல்லும் சர்க்கார் ஆளான கிராம சேவக்கிடம் போய்க் கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“அலசுனா அடுத்தவன் தோட்டத்துக்குப் போவும். இது உப்பில்லவே. ஈரமண்ணுல இருக்க கிருமி இதத் தின்னு தீத்துரும். தண்ணி கட்டி நிறுத்தவும் கூடாது, காயவும் விடக் கூடாது. வாமடைய அடச்சிருந்தா ஒம்ம வயலோடயே முடிஞ்சிருக்கும்.”

“கிருமி தின்னுட்டுதான்னு எப்படிய்யா தெரியும்?”

“அந்த மண்ணுல பயறு போட்டுப் பாரும்.”

அன்றே, உடைந்த பானை ஒன்றில் அந்தச் செத்த வரிசை மண்ணை அள்ளித் தட்டாம்பயறு ஊன்றினேன். முளை வளைந்து, சுருண்டு வந்தது. அதன்பின் ஒன்றுவிட்டு ஒருநாள் அந்த இரண்டு வரிசைக்கும் குடத்தில் அளவாகத் தண்ணீர் தெளித்தேன். அண்ணாச்சி மனைவி, “தொட்டில் புள்ளய பாக்க மாதிரில்லா பாக்காரு” என்று சிரிப்பார்.

ஒரு மாதம் போல ஆனது. அவ்வப்போது புதிதாக மண் அள்ளிப் பயறு ஊன்றிப் பார்த்ததில், மூன்றாம் பானையில்தான் முளை நேராக நின்றது. பானையை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். அண்ணாச்சி ஒரு முளையைப் பிடுங்கி, வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சரி, அகத்தி வித வீட்ல கெடக்கு. நீயே போட்டுட்டுப் போ.”

போட்டேன். பாதி வரிசையில் அவர் குரல் கேட்டது.

“ஏலே, வாமடை?”

“அடச்சாச்சு அண்ணாச்சி.”

சொல்லிவிட்டேனே தவிர மனசு கேட்கவில்லை. விதையைக் கீழே வைத்துவிட்டு, போய் ஒருதடவை பார்த்துவிட்டு வந்தேன்.