மதுரையிலிருந்து வந்த உடுப்பு

பேத்தியின் மாறுவேடப் போட்டிக்கு வாங்கிவந்த ராணி உடுப்பைப் பிரித்தேன். உள்துணியில் சணல் வாசம் அடித்தது. ஐம்பதுகளின் போடிநாயக்கனூருக்குப் போய்விட்டேன்.

அப்பா ஏலக்காய்க் கடையில், போடிமெட்டு மலையிலிருந்து இறங்கும் மூட்டைகளைத் தூக்கினார். ஓய்வு நாட்களில் கோயில் தூண் சிலைகளின் மடிப்புகளைப் பார்த்துவந்து ராஜா, ராணி உடுப்புகள் தைப்பார். அதில் அவருக்கு அப்படி ஓர் ஆசை. பள்ளி நாடகத்தில் எனக்கு ராணி வேடம் கிடைத்ததும், பழைய ஏலக்காய்ச் சாக்குக்குச் சாயம் ஏற்றி, சரிகை வைத்து, ஒரு மாதம் தைத்தார்.

மேடைக்குப் பின்னால், கூட நடிக்கிறவள் மூக்கைச் சுளித்தாள். “ஏன்டி, ராணி போடிமெட்டுல இருந்து மூட்டையோட மூட்டையா எறங்குனாகளா?” எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது வந்த டீச்சர் சரிகையைத் தடவிப் பார்த்தார். “பிரமாதமா இருக்கே, யாரு தச்சது?”

“மதுரையில வாடகைக்கு எடுத்தது டீச்சர்” என்றேன்.

தையல் பிரிந்தால் போடுவதற்காக ஊசியும் நூலுமாக அப்பா கதவோரம் நின்றிருந்தார். “ஆமா டீச்சர், நாளைக்கே திருப்பிக் குடுக்கணும்” என்றவர், என்னிடம், “அழுக்காக்கிறாத ஆத்தா” என்றார்.

மறுநாள் அதைப் பொட்டலம் கட்டிக்கொண்டு மதுரை பஸ் ஏறினார். வெறுங்கையோடு திரும்பினார். எங்கே விட்டுவிட்டு வந்தார் என்று கேட்க, அவர் இருந்தவரை எனக்கு முகமில்லை.