ஹாஜறா டீச்சரும் நிற்காத பக்கங்களும்

ஹாஜறா டீச்சருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குத்தான் சிவக்கும். கல்முனையில் அவரிடம் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் படித்த எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். எண்பத்தேழாம் ஆண்டு முழுக்க அந்த மூக்கு சிவந்தே கிடந்தது. காரணம் ஒரு கொம்பியூட்டர்.

வகுப்பின் முதலாளி சீனிமுகம்மது ஹாஜியார் அதைக் குவைத்திலிருந்து கொண்டுவந்தார். "இத இயக்கப் படிச்சிட்டீங்கெண்டா கொம்பியூட்டர் வகுப்புக்கு நீங்கதான் டீச்சர்" என்று எல்லோர் முன்னும் வாக்குக் கொடுத்தார். பதினொரு வருடமாக ஒரே டக்டக் சத்தத்துக்குள் இருந்த டீச்சர் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கையேடு என்று புத்தகம் எதுவும் வரவில்லை. எல்லாம் மெசினுக்குள்ளேயே இருந்தது. ஒரு கட்டளையின் பெயரை அடித்தால் அதன் விளக்கம் வரும். வரும் என்றா சொன்னேன்? ஓடும். பச்சை எழுத்துகள் கீழிருந்து மேலே பறந்து, கடைசி இருபது வரி மட்டும் திரையில் மிஞ்சும். ஓட்டத்தை நிறுத்தும் வழியையும் அந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் கொம்பனிக்காரன் எழுதி வைத்திருந்தான். இவனையெல்லாம் என்ன செய்தால் தகும்?

டீச்சர் மருதமுனைத் தறிக்காரர் வீட்டுப் பெண். தறிக்குப் பாவு நூல் நீட்டும்போது ஆளுக்கொரு பங்கு இழையை மட்டும் பார்ப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதே போல எங்கள் எட்டுப் பேரையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"ஆளுக்கொரு வரி. சுருக்கெழுத்தில புடிங்க. மத்தவட வரியப் பாக்கப்படா."

நாற்பது தடவையாவது ஓடவிட்டிருப்போம். கண் எரிந்தது. கடைசியில் என் வரியில்தான் அது அகப்பட்டது: கொன்ட்ரோல் கட்டையையும் எஸ் கட்டையையும் சேர்த்து அழுத்தினால் நிற்கும்.

நின்ற பிறகு மட்டும் என்ன கண்டோம்? மூச்சுவிட இடமில்லாத வரிகள், அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, உதாரணம் எங்கோ அடியில்.

"சஹன் தட்ட முன்னால வெச்சிட்டுச் சோத்த ஒளிச்சிரிக்கான்!" என்று டீச்சர் கத்தினார்.

மூன்று மாதம் இருந்து எல்லா விளக்கத்தையும் புதிதாக அடித்தார். முதலில் கட்டளை என்ன செய்யும், உடனே ஓர் உதாரணம், மற்றதெல்லாம் பிறகு. பத்திக்குப் பத்தி ஒரு வெற்று வரி விட்டார். ஒரு திரைக்குள் அடங்காததை வெட்டினார். எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் போதும், யாரும் வாசிக்கலாம். அவ்வளவையும் தன் கைக்காசில் வாங்கிய ஒரு பிளொப்பியில் சேர்த்து வைத்தார்.

ஹாஜியார் தன் மருமகன் காலிதீனோடு வந்து, டீச்சர் எழுதியதில் நின்றபடியே இரண்டு பக்கம் வாசித்தார்.

"அட, இவ்வளவு லேசா? அப்ப நம்மட மருமகனே படிப்பிப்பான். நீங்க டைப்பிங்கப் பாருங்க டீச்சர்."

லேசாக்கியது யார்?

டீச்சரின் மூக்கு சிவக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பிளொப்பியை உருவிக் கைப்பைக்குள் போட்டார்.

"ஓம் ஹாஜியார், லேசுதான். கொம்பனிக்காரன் எழுதினது முழுக்க உள்ளுக்க அப்படியே இரிக்கி. மருமகன் வாசிக்கட்டும்."

காலிதீன் கதிரையை இழுத்துப் போட்டு ஒரு கட்டளையின் பெயரை அடித்தார். பச்சை எழுத்துகள் ஓடத் தொடங்கின.

"இத எப்பிடி நிப்பாட்டுற?" என்று எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

பதில் தெரிந்த எட்டுப் பேரும் டைப்ரைட்டரில் தாள் மாட்டிக்கொண்டிருந்தோம்.