பஞ்சு மூட்டையும் நூறு கிலோமீட்டரும்

தலையணை வியாபாரி அன்வருதீனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒரு சார்ஜுக்கு நூறு கிலோமீட்டர் என்று வாங்கிய மின்சார ஸ்கூட்டர் அறுபதிலேயே படுத்துவிடுகிறது. லாஸ்பேட்டை விடுதிகளுக்கு அவர் ஏற்றிப்போவதோ வெறும் இலவம்பஞ்சு. பின்சீட்டில் ஆளுயரத்துக்குக் கட்டினாலும் பதினைந்து கிலோ தேறாது.

“பஞ்சுக்கே இந்தக் கதின்னா, உன்ன ஏத்துனா தெருமுனை தாண்டாது” என்று மனைவி ஷாஜாதியை வீட்டிலேயே விட்டுப் போவார்.

வெள்ளிக்கிழமை கதிர்காமத்தில் அக்கா வீட்டு விருந்து. வேறு வழியில்லாமல் அவளை ஏற்றிக்கொண்டார். லாஸ்பேட்டைக்குப் போய்வருகிற தூரம்தான். ஆனால் வழக்கமாக இறங்குவதில் முக்கால்வாசி சார்ஜ்தான் இறங்கியிருந்தது. மீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

“மீட்டர் நல்லாதாங்க இருக்கு. கம்பெனிக்காரன் மூட்டை இல்லாம ஓட்டிப் பாத்து நூறுன்னு போட்டிருப்பான். நான் உங்க முதுகுக்குப் பின்னால ஒண்டி உக்காந்துக்குறேன். உங்க மூட்டை ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு நிக்குது. எதிர்காத்தோட மல்லுக்கட்டியே சார்ஜ் தீந்துபோவுது” என்றாள்.

மறுநாள் காலை அன்வருதீன் தலையணைகளை அமுக்கி இறுக்கிக் கட்டி, கால் வைக்கும் இடத்தில் திணித்தார். காலியான பின்சீட்டைத் துணியால் துடைத்தார்.

“பீச் பக்கமா சுத்திக்கிட்டுப் போவலாம். வர்றியா?”

ஷாஜாதி ஏற்கெனவே செருப்பை மாட்டியிருந்தாள்.