கொம்பு நுனியில் ஒரு வெட்டு

கடையில் பொய் சொல்வதற்கென்றே நான் தனியாக ஒரு குரல் வைத்திருந்தேன். கொஞ்சம் தணிந்த, ரகசியம் சொல்வது போன்ற குரல். "இது எங்க பட்டறையிலேயே செஞ்சது, வேற எங்கயும் கிடைக்காது" என்று அந்தக் குரலில் சொன்னால் போதும், எங்கள் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கில் ஞாபகப் பொருள் வாங்க வருகிறவர்கள் கைப்பையைத் திறந்துவிடுவார்கள். பட்டறை என்று எனக்கு எதுவும் கிடையாது. கடைக்குப் பின்னால் ஒரு அறை, அதில் ஒரு கெட்டில், ஒரு பூனை. சரக்கையெல்லாம் தரகுக்காரி ஒருத்தி மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவாள். யார் செய்தது என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. 'ரக்கியா பட்டறை' என்று என் பெயர் அச்சடித்த அட்டையை நூலில் கோத்துத் தொங்கவிட்டால் என் வேலை முடிந்தது.

அந்தக் குரலை என் தொண்டையிலிருந்து பிடுங்கிப் போட்டவர் அனார்கான் அக்கா.

அவர் ஒரு மழலையர் பள்ளியில் சமையல்காரர். காலையில் எண்பது பிள்ளைகளுக்குப் பால்கஞ்சி காய்ச்சுவார். மாலையில் தன் மூன்றாம் மாடி வீட்டுக் குளியல் தொட்டியில் ஆட்டு ரோமத்தை ஊறப்போடுவார். கூரை ஒழுகுகிறது, ஆட்டு நாற்றம் தாங்கவில்லை என்று கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு ஏறி வருவாள். அவளையே முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய், பாயில் சுருட்டிய ரோமத்தை மிதிக்க விட்டுவிடுவார். வெந்நீர் ஊற்றி மிதிக்க மிதிக்க ரோமம் இறுகிக் கம்பளியாகும். திட்டிக்கொண்டே மிதித்தால் இன்னும் நன்றாக இறுகும் என்பது அக்காவின் கட்சி. கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவருடைய பங்கு, மாதம் ஒரு முறை கத்தி தீட்டித் தருவது மட்டும்தான்.

எங்கள் ஷிர்தக் விரிப்பு எப்போதும் இரட்டையாகத்தான் பிறக்கும். சிவப்புக் கம்பளியையும் நீலக் கம்பளியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கடாக்கொம்பு வடிவத்தை இரண்டிலும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டுவார்கள். சிவப்புக் கொம்பு நீலத்தின் ஓட்டையில் போய் உட்காரும், நீலக் கொம்பு சிவப்பில் உட்காரும். விரிப்பு இரண்டு, துளி வீண் கிடையாது. அப்படி வெட்டிய ஒரு ஜோடியில் நீல விரிப்பை அனார்கான் அக்கா தன் சம்பந்திக்குக் கொடுத்தார். மகள் பெர்மெத்தை எல்லைக்கு அந்தப் பக்கம் அல்மாட்டியில் கட்டிக்கொடுத்தபோது, என் கையால் செய்தது என்று பந்தலில் எல்லோர் முன்னாலும் சொல்லிக் கொடுத்தார். சிவப்பு விரிப்பைத் தரகுக்காரியிடம் போட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. விரிப்பில் பெயர் போடும் பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை, அதனால் நாங்கள் எல்லோருமே செய்கிற தப்பு.

சிவப்பு விரிப்பு என் கடைக்கு வந்தது, என் அட்டையும் அதில் ஏறியது. வசந்த காலத்தில் அல்மாட்டியிலிருந்து ஒரு அம்மாள் பரிசுப் பொருட்கள் வாங்க வந்தார். விரிப்பைப் பார்த்ததும் அப்படியே நின்றார். எங்கே செய்தது என்று கேட்டார். நான் என் குரலை எடுத்தேன். அவர் முகம் மாறியது, எதுவும் வாங்காமல் போய்விட்டார். அவர்தான் அந்தச் சம்பந்தி, தில்தா அம்மாள். இந்த அனார்கான் கடையில் வாங்கிக்கொண்டு வந்து கைவேலை என்று கதை விட்டிருக்கிறாள் என்றுதான் அவருக்குப் பட்டது. வேறு எப்படிப் படும்?

ஊருக்குப் போன தில்தா அம்மாள், சொந்தக்காரர்கள் நிறைந்த தேநீர் விருந்தில் மருமகளைப் பார்த்து, "உங்க அம்மாவுக்குக் கை ரொம்ப நீளம்மா, பிஷ்கேக் கடை வரைக்கும் போகுது" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அதன்பிறகு அந்த வீட்டில் பெர்மெத் எதைச் செய்தாலும், இது எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் தொலைபேசியில் தாயிடம் அழுதாள்.

மறுநாள் மாலை நாலு மணிக்கு, தரகுக்காரியிடம் விசாரித்துக்கொண்டு, அனார்கான் அக்கா என் கடைக்குள் வந்தார். கோட்டில் பால்கஞ்சி வாசனை. நேராக விரிப்பிடம் போய் அதைத் திருப்பித் தையலைப் பார்த்தார்.

"இதை யார் செஞ்சது, தங்கச்சி?"

நான் என் குரலில் பதில் சொன்னேன்.

"இந்தக் கொம்பு நுனியில ஒரு வெட்டு விழுந்திருக்கே, அது எதுக்கு?"

"அது டிசைன், அக்கா."

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. அவர் விரிப்பை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அட்டையை மாற்றி என் பெயரை எழுது, சம்பந்தி வரும்போது நீ சொன்னது பொய் என்று உன் வாயாலேயே சொல் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாரினிலிருந்து ஓஷ் வரைக்கும் எல்லாப் பெண்களும் இதே கொம்பைத்தான் வெட்டுகிறார்கள், இன்று உங்களுக்கு எழுதினால் நாளைக்கு ஊரே வந்து வரிசையில் நிற்கும் என்று கத்தினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

சொன்னபடி வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். நாலு மணிக்குக் கதவு மணி அடித்தால் என் பூனைகூட அறைக்குள் போய்விடும். சண்டை போட்டிருந்தாலாவது துரத்தியிருப்பேன். அவர் விரிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார், என்ன முடிவு பண்ணினாய் என்று கேட்பார், போவார். வியாழக்கிழமை ஜெர்மன்காரர் ஒருவர் அதை வாங்க முடிவு செய்து கையில் எடுத்தே விட்டார். அக்கா எதிரே போய் நின்று, விரிப்பைக் காட்டி, தன் நெஞ்சைக் காட்டி, கத்தியால் வெட்டுவதுபோல் சைகை செய்தார். அந்த மனிதர் விரிப்பைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். அன்று அக்காவைக் கண்டபடி ஏசினேன். அவரே வாங்கிக்கொண்டு போகட்டும், விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"நான் செஞ்சதை நானே கடையில வாங்கினா, என் சம்பந்தி சொன்னது உண்மையாயிடும்ல?" என்றார்.



ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக வரவில்லை. ஆடு அறுத்து விருந்து வைக்கிறேன், நான் கொடுத்த விரிப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சம்பந்தியை அழைத்திருந்தார். சம்பந்தி ஆடு அறுத்துக் கூப்பிட்டால் எங்களில் யாரும் வராமல் இருக்க முடியாது. தில்தா அம்மாள் விரிப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பெர்மெத் பின்னால் வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். காதில் நிச்சயத்துக்கு மாமியார் போட்ட தோடு, பார்வை தரையில். கடையில் அப்போது நாலு பேர் பொருள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா இரண்டு விரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். கொம்புக்குக் கொம்பு பொருந்தியது, நுனியில் இருந்த வெட்டுக்கு வெட்டும் பொருந்தியது. ஆனால் தில்தா அம்மாள் லேசில் விடுகிற ஆள் இல்லை.

"சரி, ரெண்டும் ஒரே கை. அது உங்க கைன்னு எப்படி நம்பறது? இந்தப் பொண்ணு அவ பட்டறைன்னுல்ல சொன்னா."

அக்கா இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். பையிலிருந்து ஒரு வெள்ளைக் கம்பளித் துண்டையும் ஒரு பழுப்புத் துண்டையும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் வைத்தார். கணவர் தீட்டிய கத்தியை எடுத்துப் பிடியை என் பக்கம் நீட்டினார்.

"நீ வெட்டு, தங்கச்சி. உன் பட்டறைதானே."

வாங்கினேன். நான் அதைப் பிடித்த விதத்திலேயே பாதி விஷயம் வெளியே வந்திருக்கும். அப்போதும் தப்பிக்க வழி இருந்தது. வேலைக்காரப் பெண்கள் இன்று விடுமுறை என்று ஒரு வரி. அந்தக் குரலும் தொண்டையில் வந்து நின்றது. தலையைத் தூக்கினால் வாசலில் பெர்மெத். யாரோ அடிக்கக் கை ஓங்கியது போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். என் ஒரு வரிப் பொய்யோடு இந்தப் பெண் ஒரு மாதமாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

"எனக்கு வெட்டத் தெரியாது" என்றேன். "பட்டறையே இல்லம்மா. யார் செஞ்சதுன்னு நான் கேட்டதுகூட இல்ல. அன்னிக்கு உங்ககிட்ட சொன்னது பொய்."

நாலு வாடிக்கையாளர்களும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டு முழங்காலிட்டார். சுண்ணக்கட்டியால் கோடுகூடப் போடவில்லை. கத்தி ஒரே ஓட்டமாகப் போய் வளைந்து திரும்பியது. வெள்ளையைத் தூக்கிப் பழுப்பில் வைத்தார், பழுப்பை வெள்ளையில் வைத்தார். தில்தா அம்மாளும் முழங்காலிட்டு உட்கார்ந்து, புதுக் கொம்பைத் தடவிவிட்டுப் பழைய விரிப்புக்கு வந்தார். அந்த வெட்டில் அவர் விரல் நின்றது.

"இவ்வளவு சுத்தமா வெட்டறீங்க, சம்பந்தி. இது மட்டும் எப்படி?"

"வெட்டிட்டிருந்தப்ப பெர்மெத் போன் பண்ணினா. நீங்க அவளுக்குத் தோடு போட வர்றீங்கன்னு சொன்னா. கை நடுங்கிடுச்சு. இது உங்க வீட்டுக்குத்தான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

நான் சிவப்பு விரிப்பிலிருந்து என் அட்டையைப் பிய்த்தேன். அதன் பின்பக்கம் 'அனார்கான்' என்று எழுதிக் கட்டினேன். அன்று தொடங்கி என் கடையில் பெயர் இல்லாமல் ஒரு கம்பளிச் செருப்புகூடத் தொங்கவில்லை. தரகுக்காரி இன்றுவரை என்னைத் திட்டிக்கொண்டே பெயர் எழுதித் தருகிறாள்.

தில்தா அம்மாள் அந்த அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். சிவப்பு விரிப்பையும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"பெர்மெத், இங்க வா. நான் சொன்ன சொல்லை எல்லார் முன்னாலயும் சொன்னேன். எல்லார் முன்னாலயும் திருப்பி எடுத்துக்கறேன். ஊருக்குப் போனதும் அத்தனை பேரையும் தேநீருக்குக் கூப்பிடு. இந்த வெட்டு எப்படி விழுந்துச்சுன்னு நீதான் அவங்களுக்குச் சொல்லணும்."

அந்தப் பெண் அப்போதுதான் கடைக்குள் வந்தாள்.